காய் யாவாரி மக

போடியில யாரையாவது நிறுத்தி, "அண்ணே, என்ன சோலி பாக்குறீக?"ன்னு கேட்டுப் பாருங்க. "காய் யாவாரம்"னுதான் பதில் வரும். காய்னா ஏலக்காய். கத்திரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும்தான் எங்க ஊர்ல முழுப் பேர் சொல்லணும். ஏலத்துல லாட்டு லாட்டா எடுக்குற முதலாளியும் காய் யாவாரம்பாரு, அவர் கடையில சாக்கு தைக்கிறவரும் காய் யாவாரம்பாரு. ஜீப்புல மூட்டை ஏத்துறவர், மொறத்துல போட்டுப் பொறுக்குற பொம்பளை, ஏல மையத்து வாசல்ல டீ ஆத்துற ஆளு, எல்லாருக்கும் அதே யாவாரம்தான். இதை யாரும் பொய்யின்னு நெனைக்கிறதில்லை. சொல்றவனுக்கும் தெரியும், கேக்குறவனுக்கும் தெரியும், அதுக்கு மேல நோண்ட மாட்டாங்க.

பிச்சைமணியும் முப்பது வருசமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவர் உண்மையில பாத்த சோலி, போடிமெட்டுக்கு மேல ராஜா முகம்மது முதலாளி எஸ்டேட்டுல ஸ்டோருக்கு அடுப்பு போடுறது. ஸ்டோருங்கிறது காய் காயவைக்கிற பெரிய ரூம்பு. பறிச்சுட்டு வர்ற ஈரக்காயைத் தட்டுத் தட்டாப் பரப்பி, வெளியில அடுப்பு மூட்டி, குழாய் வழியா சூட்டை உள்ள விடுவாங்க. சூடு கூடுனா காய் வெளுத்துப்போகும், கொறஞ்சா புழுங்கி நாறிப்போகும். பச்சை நிக்கணும், அதுக்குத்தான் வெலை. சுவத்துல தெர்மாமீட்டர் தொங்குது, பிச்சைமணி அதை ஒருநாளும் நிமிந்து பாத்ததில்லை. உள்ளங்கையைச் சுவத்துல வச்சுப் பாப்பாரு, "ரெண்டு கட்டையை உருவு"ம்பாரு, அம்புட்டுத்தான். கூட விறகு பொளக்குற சின்ராசு அவர் வயசு ஆளு. சின்ராசுகிட்ட அடுப்பைக் குடுத்தா காய் கருகுறது நிச்சயம்னு எஸ்டேட்டு முழுக்கத் தெரியும். அதனால பிச்சைமணி, அடுப்பு எரியாத ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் மலையை விட்டு இறங்குவாரு, அதுவும் கோயிலுக்கு. கண்ணு ரெண்டும் பொகையில செவந்து கெடக்கும். துவைச்ச சட்டையிலயும் பொகை வாடை போகாது.

மக பியூலாவை ஒண்ணாப்புல சேக்கும்போது, "தகப்பனார் தொழில்?"னு டீச்சர் கேட்டாங்க. "காய் யாவாரம்"ன்னாரு. டீச்சரும் எழுதிக்கிட்டாங்க. அவர் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பியூலாவும் அதைக் கேட்டா. அதுக்கப்புறம் எந்தப் படிவம் வந்தாலும் அவ கை தன்னால அதைத்தான் எழுதுச்சு.

காலேஜுல சேந்த வருசம் அவளுக்கு என்.சி.சி. பைத்தியம் பிடிச்சுது. பைத்தியம்தான், வேற என்ன சொல்ல? காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையக்கூடாதுன்னு பஸ்சுல உக்காராம நின்னுக்கிட்டே போவா. மூணாவது வருசம் அண்டர் ஆபீசர் ஆயிட்டா, அதுதான் மாணவிகளுக்கு உச்சப் பதவி. மைதானத்துல அவ "சாவ்தான்!"னு ஒரு கத்து கத்துனா, பக்கத்து டீக்கடையில உக்காந்திருக்குறவரும் காலைச் சேத்துக்குவாரு. அவளுக்கு அடுத்த வரிசையில நிக்கிறவ சுஃபியா. அந்த ராஜா முகம்மது முதலாளியோட மகதான். முதலாளி மக, அடுப்பு போடுறவர் மகங்கிற நெனைப்பு சுஃபியாவுக்குச் சுத்தமா கெடையாது. பியூலாவுக்குத்தான் இருந்துச்சு, வெளியில காட்டிக்க மாட்டா.

என்.சி.சி.யில சி சர்டிபிகேட்டு நல்ல கிரேடுல வாங்குனவங்களுக்கு ஒரு வழி உண்டு. எழுத்துப் பரீட்சை இல்லாம நேரா ராணுவ ஆபீசர் தேர்வுக்குக் கூப்பிடுவாங்க. பெங்களூருல அஞ்சு நாள் தங்கவச்சு, ஓடவிட்டு, பேசவிட்டு, சோதிச்சுப் பாப்பாங்க. தேறுனா டிரெய்னிங், அப்புறம் தோள்ல நட்சத்திரம். பியூலாவுக்கு அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கு அவ அம்மா ஜெயபாக்கியம் சந்தோசப்படலை.

"இந்தா பாரு, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ. கம்பத்துல எங்கண்ணன் மகன் ராஜ்கமலு செல்போன் கடையைப் போட்டுட்டு ரெண்டு வருசமா உனக்காகக் காத்துக் கெடக்கான். கெடச்சா நீ பட்டாளத்துக்குப் போ, நான் குறுக்க நிக்கலை. கெடைக்கலையா, ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம். பெறகு அழுதுக்கிட்டு நிக்கக்கூடாது."

"சரிம்மா"ன்னா பியூலா. ராஜ்கமல் கெட்டவன் இல்லை. ஆனா அவன் கடையில பின்னால ஒரு ஸ்டூல் கெடக்கும், அதுல உக்காந்து ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே கெழவியாகுறது அவ கண்ணுல தெரிஞ்சுது. 

அதுக்கப்புறம் விடியக்காலை எந்திரிச்சு மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் ஓட்டம். மலையேறுற எஸ்டேட்டு ஜீப்புக அவளைத் தாண்டும். உள்ள பதினாலு பொம்பளைக நெருக்கிக்கிட்டு உக்காந்திருப்பாக. "ஏ மிலிட்டரி! எதுக்குடி காலைத் தேய்க்கிறே, ஏறு, முந்தல்ல எறக்கிவிடுறோம்!"னு கத்துவாக. "நீங்க எறங்கி ஓடுங்கக்கா, இடுப்புக் கொறையட்டும்!"னு இவளும் விடமாட்டா. ஜீப்பு முழுக்கச் சிரிச்சுக்கிட்டே போகும். பேட்டிக்கு எப்படிப் பேசணும்னு காலேஜு என்.சி.சி. மேடம் சொல்லிக்குடுத்தாங்க. அதுல ஒண்ணை மட்டும் பத்துத் தடவை சொன்னாங்க: "ஒண்ணு சொல்லிட்டா மாத்தாதே. மாத்துனா தடுமாறுறான்னு எழுதிருவாங்க." அந்த மேடம் நல்லதுக்குத்தான் சொன்னாங்க, பாவம்.

பெங்களூருல முதல் நாள் காலையிலயே ஒரு படிவம் குடுத்தாங்க. பேரு, ஊரு, படிப்பு, தகப்பனார் தொழில். பியூலாவுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரிகேடியர் மக. அந்தப் பக்கம் ஒரு டாக்டர் மக. கட்டத்துக்கிட்ட வந்ததும் பேனா ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் பதினஞ்சு வருசப் பழக்கம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருச்சு. ஏலக்காய் வியாபாரின்னு இங்கிலீஷ்ல எழுதி, கையெழுத்தும் போட்டுட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே பாதிக்கு மேல பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பியூலா நின்னா. அவ சட்டையில பதினேழாம் நம்பர் கட்டுனாங்க. மறுநாள் எழுத்துச் சோதனை, அதுக்கு அடுத்த நாள் மைதானம். அங்க பாக்கணுமே அவளை! பலகையும் கயிறும் பீப்பாயும் குடுத்து, தரையில கால் படாம ஒரு சுமையை அக்கரை சேக்கச் சொன்னாங்க. மத்த பிள்ளைக யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப, மலையில மூட்டையைச் சரிவுல இறக்குற மாதிரி கயிறை மரத்துல ஒரு சுத்துச் சுத்தி, "நீ பிடி, நீ விடு, மெதுவா"ன்னு எல்லாரையும் ஏவி முடிச்சுட்டா. பாத்துக்கிட்டு இருந்த ஆபீசர் ஏதோ எழுதுனாரு, எழுதும்போது லேசாச் சிரிச்சாரு. அந்த நாள்ல அவளுக்கு இருந்த சந்தோசம் அதுக்கு முன்னாலயும் இல்லை, இன்னைக்கு வரைக்கும் திரும்பவும் வரலை.

மைதானம் முடிஞ்ச அன்னைக்கு மத்தியானம் நேர்காணல். ஒரே ஒரு ஆபீசர், நரைச்ச மீசை, மேசையில பிஸ்கட்டுத் தட்டு. பேச்சு இங்கிலீஷ்லதான், நான் நம்ம பாஷையில சொல்றேன். படிப்பு, நண்பர்கள், விளையாட்டுன்னு சடசடன்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் பட்டுப் பட்டுன்னு பதில். அப்புறம் படிவத்தைப் பாத்துட்டு நிமிந்தாரு.

"ஏலக்காயா! எங்க வீட்டுல அது இல்லாம டீயே கெடையாது. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். கடையில சில காய் நல்லாப் பச்சையா இருக்கு, சில காய் வெளுத்துப்போய் இருக்கு. அது ஏன்?"

கேக்கணுமா? பியூலா கொட்டித் தீத்துட்டா. ஈரக்காய் எப்படி வரும், முதல் சூடு எப்படி இருக்கணும், பாதி காஞ்சப்பறம் எப்பக் கட்டையை உருவணும், மழை நாள்ல குழாயோட மூடியை எம்புட்டுத் தெறக்கணும், சுவத்துல உள்ளங்கையை வச்சா எப்படிச் சூடு தெரியும். லீவு நாள்ல அப்பா பக்கத்துல சாக்கை விரிச்சுப் போட்டு உக்காந்து பாத்த அத்தனையும் வந்துச்சு. அந்த ஆபீசர் பேனாவைக் கீழ வச்சுட்டு, கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"பிரமாதம். இதெல்லாம் யார் கத்துக்குடுத்தது?"

"எங்கப்பா சார்."

"வியாபாரி அடுப்படியில வந்து உக்காருவாரா?"

அட, அந்த எடத்துல சொல்லியிருக்கலாமே! "அடுப்பு போடுறவரே அவர்தான் சார்"னு நாலு வார்த்தை. ஆனா படிவத்துல வேற எழுதியிருக்கே. மேடம் சொன்னது காதுல கேட்டுச்சு.

"எங்க... எங்க எஸ்டேட்டுத்தான் சார். அதனால அவரே பாத்துக்குவாரு."

"ஓ, சொந்த எஸ்டேட்டா. எத்தனை ஏக்கர்?"

"நாப்பது." அது சுஃபியா வீட்டுக் கணக்கு.

"வேலைக்கு ஆள் எத்தனை?"

"முப்பது பேர் சார்." அதுவும் சுஃபியா வீட்டுக் கணக்குதான்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பாத்தாரு. கோவமாப் பாக்கலை. கோவமாப் பாத்திருந்தா அவளுக்குத் தேவலாம்னு இருந்திருக்கும்.

"அப்ப தெனமும் அந்த அடுப்புக்கிட்ட நிக்கிறவர் ஒருத்தர் இருப்பாருல்ல. அவர் பேரு என்ன?"

 பிச்சைமணின்னு சொல்ல முடியாது, படிவத்துல தகப்பனார் பேரே அதுதான். 

"சின்ராசு சார்"ன்னா.

அவர் படிவத்தை அவ பக்கமாத் திருப்பி வச்சாரு. பேனாவையும் பக்கத்துல வச்சாரு. "பியூலா, அவசரத்துல எழுதுறப்ப யாருக்கும் தப்பு வரும். இதுல எதையாவது மாத்தணும்னா இப்ப மாத்தலாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்"னாரு.

பியூலா பேனாவைப் பாத்தா. அடிச்சுட்டு எழுதுறதுக்கு ஒரு வரிதான். ஆனா இப்ப மாத்துனா எஸ்டேட்டும் பொய், நாப்பது ஏக்கரும் பொய், முப்பது ஆளும் பொய், சின்ராசும் பொய்யின்னு நாலையும் சேத்து மாத்தணுமே. அவ அம்மா சொன்ன ஈஸ்டர் வேற மண்டைக்குள்ள நின்னுச்சு.

"இல்ல சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நல்லது"ன்னு படிவத்தை எடுத்து மூடிட்டாரு. "போய் டீ குடிம்மா."

அஞ்சாம் நாள் எல்லா ஆபீசர்களும் வரிசையா உக்காந்து, ஒவ்வொருத்தரையா உள்ள கூப்பிட்டாங்க. அந்த நரைச்ச மீசைக்காரர் அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அப்பா நல்லா இருக்காரா?" "நல்லா இருக்காரு சார்"னா. அவர் தலையை ஆட்டிக்கிட்டாரு. 

அப்புறம் எல்லாரையும் வெளியில நிக்கவச்சு நம்பர் வாசிச்சாங்க. நாலு. பதினொண்ணு. இருபத்திமூணு. அதோட தாளை மடிச்சுட்டாங்க. மூணே பேர்தான். பதினொண்ணாம் நம்பர் ஜார்க்கண்டுப் புள்ள, உடம்பெல்லாம் எலும்பு, பீப்பாய் விளையாட்டுல ரெண்டு தடவை விழுந்தவ. அவ ஓடிப்போய் போனை எடுத்து அவங்கப்பாகிட்ட அழுது அழுது பேசுனா. தெருமுனையில துணி தேய்க்கிறவராம் அவர். அஞ்சு நாளா எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சா, ஆபீசருக்கும் அதையேதான் சொல்லியிருப்பா. எதுல யாரைக் கழிச்சாங்கன்னு அங்க யாரும் வெளக்கம் குடுக்குறதில்லை. பியூலாவுக்கு வெளக்கம் தேவைப்படவும் இல்லை.

ரயில்ல வரும்போது சுஃபியா போன் பண்ணுனா. மத்தவங்ககிட்டச் சொல்லாததை பியூலா அவகிட்டச் சொன்னா, எஸ்டேட்டு, ஏக்கர், சின்ராசு, எல்லாத்தையும். 

"ஏன்டி இப்படிப் பண்ணே? பிச்சைமணி கை இல்லைன்னா ஏலத்துல நம்ம காய்க்குப் பேரே இல்லைன்னு எங்க அத்தாவே எத்தனை தடவை சொல்லியிருக்காரு. அதை அப்படியே சொல்லியிருந்தா போதுமேடி!"

"இப்பச் சொல்றியேடி."

"அடுத்த தடவை உள்ளதை எழுது. திரும்பப் போகலாம்ல?"

திரும்பப் போனா பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்கன்னு அங்க வந்திருந்த பிள்ளைக பேசிக்கிட்டாங்க. நிசமோ பொய்யோ, பியூலா அதை நம்புனா. போன தடவை வியாபாரி, இந்தத் தடவை அடுப்பு போடுறவர்னு எழுதுனா கேக்க மாட்டாங்களா? பழையபடியே எழுதலாம்னா, அதை இன்னொரு தடவை எழுத அவ கைக்கு இனி வராது. அதுவும் போக, வீட்டுல குடுத்தது ஒரே தடவைதான். இதையெல்லாம் சுஃபியாகிட்டச் சொல்லாம, சிக்னல் போகுதுன்னு போனை வச்சுட்டா. செத்துப்போயிரலாம் போல இருந்துச்சு. சன்னல் கம்பியில நெத்தியை வச்சுக்கிட்டே மதுரை வரைக்கும் வந்தா.

மதுரையில மாறி போடி ரயில்ல வந்து இறங்குனா, ஸ்டேசன்ல அவங்கப்பா நிக்கிறாரு. வியாழக்கிழமை! கடைசிப் பறிப்புக் காய் ஸ்டோர் நெறையக் கெடக்குற நேரத்துல, ஞாயித்துக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, தலையைப் படிய வாரிக்கிட்டு நிக்கிறாரு. முடிவு என்னன்னு ஜெயபாக்கியம் போன்ல சொல்லிட்டா போல. அவர் "வா ஆத்தா"ன்னு பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

வெளியில டீக்கடையில ரெண்டு டீ வாங்குனாரு. அவ குடிக்காமக் கையிலயே வச்சிருந்தா. அவர் குடிச்சு முடிச்சு, கிளாஸைக் கீழ வச்சு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு.

"ஏன் ஆத்தா, அங்க என்னயப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்னே?"

பியூலா அவர் மூஞ்சியைப் பாக்கலை. "காய் யாவாரம்னு சொன்னேன்பா."

"அப்பாடா!"ன்னு அவர் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாரு. மூஞ்சியே தெளிஞ்சு போச்சு. "நேத்துல இருந்து எனக்குச் சோறு எறங்கலை ஆத்தா. அடுப்புல கெடக்குறவன் மகன்னு தெரிஞ்சுதான் கழிச்சுட்டாகளோன்னு. நம்மளால புள்ள பொழப்புக் கெட்டுப்போச்சோன்னு நெனைச்சு நெனைச்சு... நல்ல வேளை, நீ சொல்லலை. நீ வெவரமான புள்ள."

"உன்னால இல்லப்பா"ன்னா பியூலா.  கிளாஸ் நடுங்கி டீ கையில சிந்துச்சு.

பிச்சைமணி பதறிப்போய் கிளாஸை வாங்கிக்கிட்டு, அவ நெத்தியில உள்ளங்கையை வச்சாரு. தோலு தடிச்சு, கருத்து, பொகை வாடை அடிக்கிற கை. கொஞ்ச நேரம் அப்படியே வச்சுப் பாத்தாரு.

"சூடு ஒண்ணும் இல்லையே ஆத்தா. அப்புறம் ஏன் இப்படி நடுங்குறே?"

அவ முந்தானை இல்லாததால துப்பட்டாவை வாயில பொத்திக்கிட்டு நின்னா. அவருக்கு என்ன செய்யுறதுன்னு தெரியலை. ரோட்டைப் பாத்தாரு, மலையைப் பாத்தாரு.

"சரி, அழுகாதே. உன்னய வீட்டுல விட்டுட்டு நான் மூணு மணி ஜீப்பைப் பிடிக்கணும், வெரசா வா. மொதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் பயமாத்தான் இருக்கு"ன்னாரு. "இன்னைக்கு அடுப்புல சின்ராசுதான் நிக்கிறான்."